ஊரை விட்டு விரட்டியது யார்?

"மழை பொய்த்தது, கடல் பொங்கியது, ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்." மகாநாடு கூட்டுகிற மேதாவிகளும் தலையங்கம் தீட்டுகிற கனவான்களும் ஒரே மூச்சில் இப்படி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். 'பருவநிலை அகதிகள்' என்று புதுப் பெயர் வேறு சூட்டியிருக்கிறார்கள். பேஷான பெயர்! விரட்டியது காற்றும் தண்ணீரும் என்று ஆகிவிட்டால் யார் மேல் வழக்குத் தொடுப்பது? யாரிடம் கணக்குக் கேட்பது?

தோழர்களே! கடல் உயர்ந்து வருவது பொய்யல்ல. மழை முறை தவறிப் பெய்வதும் பொய்யல்ல. ஆனால் அதே கடல், அதே மழை, அதே ஊர். ஒருவன் மூட்டை கட்டுகிறான். இன்னொருவன் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போடுகிறான். இது ஏன்? இந்தக் கேள்வியைத் தொடாதவரை அவர்கள் பேசுவது அரைப் பேச்சுதான். மீதியை நாம் பேசுவோம்.

வரப்பில் ஒரு தகராறு

சென்ற குறுவை நடவின்போது திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நமக்கு அவசரமாக ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், வரப்பின் மேல் இருபது பெண்கள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். சேற்றில் பதினைந்து பேர், வங்காளத்திலிருந்து வந்த ஆண்கள், கையில் நாற்று முடியோடு திகைத்து நிற்கிறார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி நம்மைக் கண்டதும் குரலெடுத்தாள்: "எங்க மாமியா நட்ட வயலு தோழரே! நான் நட்ட வயலு! இவனுவ யாரு குறுக்க?"

மிராசுதார் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதற்றமே இல்லை. "என்ன தோழர், உங்க ஆளுங்கதான் எல்லாரும் திருப்பூருக்குப் போயிட்டாங்களே. மிச்சம் இருக்கிறவங்களை வச்சு நான் எத்தனை நாள் நடுறது? இவங்க ஏக்கர் கணக்குல பேசுறாங்க, முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுறாங்க" என்றார். சொல்லிவிட்டுப் பெண்களையும் வங்காளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். சேவல் சண்டை பார்க்க வந்தவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த முகம்.

வந்தவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். வயது முப்பத்தைந்து இருக்கலாம். திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தவராம். ஊர், சுந்தரவனத்துக் கோசாபா பக்கம். அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் சொன்னதைக் கேட்டபின் வரப்பின் மேல் நின்ற பெண்களே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

2009 மே 25. ஐலா புயல் அடித்த நாள். அவர் வீட்டுக்கு இரண்டு பிகா நிலம், அதாவது ஏக்கரில் முக்கால் கூட இல்லை. ஆற்றங்கரை உடைந்து உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. குளத்து மீன் செத்து மிதந்தது. மாடு போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகும் மண்ணில் உப்புப் பூத்து நின்றது. மூன்று வருஷம் நெல் விளையவில்லை. அவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கிருந்து திருப்பூர். 2020இல் ஊரடங்கு வந்தது. நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டிய அந்த மார்ச் மாதம் உங்களுக்கும் மறந்திருக்காது. கூலியும் இல்லாமல் சோறும் இல்லாமல் கிடந்து, மே மாதம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களில், மே 20 அன்று, ஆம்பன் புயல்! மறுபடியும் கரை உடைந்தது. மறுபடியும் மூட்டை.

"உங்க ஊர்ப் பெரிய நிலக்காரர்களும் இப்படிக் கிளம்பினார்களா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "அவங்களுக்குக் கல்கத்தாவில வீடு இருக்கு. அவங்க எங்கே கிளம்பணும்? உப்பு நின்ன நிலத்தைச் சின்ன ஆளுங்ககிட்ட வாங்கி மீன் பண்ணை போட்டாங்க. நிலமும் போச்சு, நிலத்து வேலையும் போச்சு."

ஐலா அடித்தது எல்லார் தலையிலும்தான். ஊரை விட்டுப் போனவன் இரண்டு பிகாக்காரன்! புயல் ஆள் பார்த்து அடிப்பதில்லை. நிலப் பத்திரம்தான் ஆள் பார்க்கிறது.

அந்தக் கரையைக் கட்டியது எதற்காக?

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் விழும் கழிமுகம் சுந்தரவனம். இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54இல் ஜனங்கள் வாழ்கிறார்கள், நாற்பது லட்சத்துக்கு மேல். சுமார் 3,500 கிலோமீட்டர் மண்கரைதான் அவர்களுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே நிற்கிறது. அலை ஏறும் நேரத்தில் வெளியே தண்ணீர் மேலே, உள்ளே வயல் கீழே.

இது இயற்கையின் ஏற்பாடா? இல்லவே இல்லை. கழிமுகத்தில் ஆறு வண்டல் போட்டுப் போட்டு நிலத்தை உயர்த்தும். அது முடிகிறவரை காத்திருக்க வெள்ளைக்காரனுக்குப் பொறுமை இல்லை. வரி வேண்டும்! காட்டைத் துண்டு போட்டு ஜமீன்தார்களுக்குக் குத்தகைக்கு விட்டான். ஜமீன்தார் கூலிகளைக் கொண்டு காட்டை வெட்டி, கரை போட்டு, உயராத நிலத்தில் உழவைத் தொடங்கினான். கரை போட்டதால் வண்டல் உள்ளே வருவது நின்றது. வெளியே ஆறு மேடாயிற்று, உள்ளே வயல் பள்ளமாயிற்று. பாடுபட்டவன் பள்ளத்தில் குடியிருந்தான், விளைச்சலில் பாதியை ஜமீன்தாருக்கும் ஜோத்தாருக்கும் அளந்தான். 1946இல் "மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு" என்று குத்தகை விவசாயிகள் தேபாகா போராட்டத்தில் எழுந்தபோது, சுந்தரவனத்துக் காக்டுவீப் அதன் முக்கியக் களங்களில் ஒன்று. பள்ளத்தில் இருந்தவனுக்கு விஷயம் அன்றே புரிந்திருந்தது.

கடல் உயர்வதும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்பது விஞ்ஞானிகள் கணக்கு. லோகாச்சரா என்ற தீவு கடலுக்குள் போயிற்று. கோராமாரா தீவு தேய்ந்து தேய்ந்து, அதன் ஜனங்கள் சாகர் தீவில் குடியேறினார்கள். இந்தக் கடலைச் சூடாக்கியது யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2022இல் அமெரிக்காவில் ஆளுக்குச் சுமார் 15 டன் கரியமில வாயு. வங்கதேசத்தில் ஆளுக்கு ஒரு டன் கூட இல்லை. குடித்தவன் ஒருவன், கடைக்காரன் பிடித்துக் கட்டிவைத்தது இன்னொருவனை!

காற்று அதே காற்றுதான்

கோசாபாக்காரர் ஊருக்குக் கிழக்கே ஆறுகளைத் தாண்டினால் வங்கதேசத்தின் குல்னாப் பகுதி. ஒரே காடு, ஒரே கடல், ஒரே புயல். அங்கே நடந்ததைப் பார்த்தால் குட்டு இன்னும் நன்றாக வெளிப்படும்.

முதலில் ஒரு கணக்கு. 1970 நவம்பரில், அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், அடித்த புயலில் மாண்டவர் மூன்று லட்சத்துக்குக் குறையாது. 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பரில் சிட்ர் என்ற கடும் புயல் வந்தபோது சுமார் 3,400 பேர். காற்றுக்கு இரக்கம் வந்துவிட்டதா? இல்லை. நடுவே ஜனங்கள் புயல் காப்பகம் கட்டினார்கள், வீடு வீடாகப் போய் எச்சரிக்கை சொல்லத் தொண்டர் படை அமைத்தார்கள். ஆக, மனிதன் செய்தால் புயலின் கொடுமையைக் குறைக்க முடியும். அப்படியானால், குறையாத கொடுமையும் மனிதன் கைவேலைதான்! இதை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள்.

குல்னாவில் 1960களில் அமெரிக்க உதவியோடு ஆறுகளைச் சுற்றி மண்கரைகள் எழுப்பப்பட்டன. கரைக்குள் அடைபட்ட நிலத்துக்குப் 'போல்டர்' என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முதலில் நெல் நன்றாகத்தான் விளைந்தது. 1975இல் இந்தியாவின் பராக்கா அணை வந்தது, கோடைகாலத்தில் குல்னாவுக்கு வருகிற நல்ல தண்ணீர் குறைந்தது, உப்பு மேலேறியது. அதற்கப்புறம் 1980களில் வந்தது இறால்!

தஞ்சைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை, ஆலைத் தோழர்களுக்காகச் சொல்கிறோம். பணக்காரன் ஒருவன் ஊரில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறான். கடலைத் தடுப்பதற்காகப் போட்ட கரையிலேயே ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறான், அல்லது ராத்திரியில் மதகைத் திறந்துவிடுகிறான். உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. அவனுடைய குட்டையில் மட்டும் நிற்கச் சொன்னால் தண்ணீர் கேட்குமா? பக்கத்து ஏழையின் அரை ஏக்கரிலும் கசிகிறது. நாற்று கருகுகிறது. புல் இல்லை, மாடு விற்கிறான். குளம் உப்பாகிறது, பெண்கள் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள். கடைசியில் அவனும் பணக்காரன் சொன்ன விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். நெல் என்றால் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, போரடிக்க எத்தனை கை வேண்டும்! இறால் குட்டைக்கு ராத்திரி காவலுக்கு ஒரு ஆள், தீனி போட ஒரு ஆள். மற்றவர்கள்? டாக்காவுக்குப் பஸ் இருக்கிறதே!

இந்த இறால் வளர்ப்புக்குக் கடன் கொடுத்தவர்களில் உலக வங்கி உண்டு. அதே உலக வங்கி 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2050க்குள் உலகின் ஆறு பிராந்தியங்களில் 21 கோடியே 60 லட்சம் பேர் வரை பருவநிலை மாற்றத்தால் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் பெயரக்கூடும், தெற்காசியாவில் மட்டும் நான்கு கோடி வரை, என்கிறது அந்த அறிக்கை. குழாய் வைக்கக் கடன் கொடுத்ததும் இவர்கள், குழாய்த் தண்ணீரில் மூழ்கியவனை எண்ணுவதும் இவர்கள்!

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? பைக்காச்சாவில் 22ஆம் எண் போல்டர். அங்கே ஹரிண்கோலா என்ற கிராமம். 1990 நவம்பர் 7 அன்று இறால் முதலாளியின் ஆட்கள் துப்பாக்கியும் வெடிகுண்டுமாக அதைப் பிடிக்க வந்தார்கள். நிலமற்ற கூலி ஜனங்கள் ஊர்வலமாக எதிரே போனார்கள். முன்வரிசையில் நடந்தவர் கருணாமயி சர்தார் என்ற பெண். அவர் அங்கேயே கொல்லப்பட்டார். ஆனால் இறால் அந்த எல்லைக்குள் நுழையவில்லை. சுற்றிலும் உப்புக் குட்டையாகக் கிடக்க, 22ஆம் போல்டரில் நெல் விளைந்தது. வருஷாவருஷம் நவம்பர் 7 அன்று ஜனங்கள் அவர் நினைவிடத்தில் கூடுகிறார்கள்.

கடல் மட்டம் 22ஆம் போல்டருக்கு ஒன்று, பக்கத்து ஊருக்கு ஒன்று என்று உயர்ந்ததா? அதே ஆற்றுத் தண்ணீர்தான் இரண்டு கரையிலும் மோதியது. 2009இல் ஐலா வந்தபோது, தாக்கோப் பக்கத்து 32ஆம் போல்டரில் கரை உடைந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் அலைத் தண்ணீர் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. புயல் ஒரு நாள். உடைப்பை அடைக்காமல் விட்டது இரண்டு வருஷம்! அந்த இரண்டு வருஷத்தில் கரை மேலே சாக்குக் குடிசையில் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பியவனைப் 'புயல் விரட்டியது' என்று எழுதுகிறவன் பேனாவை என்ன செய்வது?

கிளம்பியவர்கள் போய்ச் சேர்கிற இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான், ஆலைத் தோழர்களே. டாக்காவின் ஆயத்த ஆடை ஆலைகள். நீங்கள் திருப்பூரில் தைக்கிற பனியனை வாங்குகிற அதே ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பெனிகள்தான் அங்கேயும் ஆர்டர் கொடுக்கின்றன. "டாக்காவில் மலிவு" என்று உங்கள் முதலாளியிடம் பேரம், "திருப்பூரில் மலிவு" என்று அவர்கள் முதலாளியிடம் பேரம். 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. ஆடைத் தொழிலாளரை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். 1,100க்கு மேற்பட்டோர் நசுங்கி மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். அன்று அவர்களுக்கு மாதக் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்கா. விரிசல் கண்ட கட்டடத்துக்குள் ஒருத்தி ஏன் போனாள்? திரும்பிப் போக நிலம் இல்லாதவளுக்கு அந்த மூவாயிரமும் போனால் வேறு கதி இல்லை.

நமக்கு இது புதிதா?

பஞ்சம் பிழைக்கப் போவது என்ற சொல் நம் பாட்டிமார் வாயில் இருந்தது. 1876 முதல் 78 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டு ஜனங்கள் ஈசல்போல மடிந்தார்கள். பஞ்சம் பரவிய பகுதிகள் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது மதிப்பீடு. மழை இல்லை, உண்மை. ஆனால் அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. 1877 ஜனவரியில் டில்லியில் விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டித் தர்பார் நடந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த படி, நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கையில் சில்லறையும். இது உயிர் நிற்கப் போதாது என்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷே எதிர்த்து எழுதினார். வெள்ளைக்காரனுக்கே பொறுக்கவில்லை!

அப்போது கங்காணி வந்தான். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றான். பட்டினி கிடந்தவன் பேரம் பேசுவானா? நடந்தே போனார்கள், வழியிலே செத்தவர்கள் போக மீதிப் பேர் காடு திருத்தினார்கள், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த பிறகு 1948இல் அவர்கள் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, பாக்கி 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டைப் பிரிக்கிறவன் கூடக் கன்றையும் தாயையும் பார்த்துத்தான் பிரிப்பான்.

அது பழைய கதை என்பீர்கள். காவிரிப் படுகையின் புதுக் கதை என்ன? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. குறுவை என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்தார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில் தமிழக சர்க்கார் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். யாருக்கு? பட்டா வைத்திருப்பவனுக்கு! வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுதவனுக்குக் காகிதம் இல்லை, ஆகவே பணம் இல்லை. நாற்று நடுகிறவளுக்கு? நூறு நாள் வேலையை நூற்றைம்பது நாளாக்குகிறோம் என்றார்கள். வயல் காய்ந்தால் நிலக்காரனுக்கு நஷ்டம் என்று சர்க்காருக்குத் தெரிகிறது. அதே வயலில் இறங்கியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் கூலியும் சேர்ந்து காய்ந்தது என்பது எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோதும், தென்னைக்குத்தான் எண்ணிக்கை எடுத்தார்கள். தென்னையடியில் தேங்காய் உரித்துப் பிழைத்தவனை எண்ண ஆளில்லை.

அறுவடையோ எந்திரத்துக்குப் போய் வெகு நாளாயிற்று. வருஷத்தில் நடவுக்கும் களைக்கும் கிடைக்கிற சில நாளை நம்பி எப்படி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்? பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள். பெண்கள் நூற்பாலை விடுதிக்குப் போனார்கள். அப்புறம் மிராசுதார் கேட்கிறார்: "ஆள் எங்கே தோழர்?" விரட்டியவனே வந்து ஆளைக் காணோம் என்று தேடுகிறான்!

இறாலும் நம்மிடம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நாகை, சீர்காழிக் கடற்கரை ஊர்களில் குல்னாவின் கதை அப்படியே நடந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் கிராமத்து ஜனங்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் ஆயிரம் கருத்து வேற்றுமை உண்டு, அதற்காக உள்ளதை மறைக்கலாமா? அவர் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட், கடலோரப் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்த இறால் குட்டைகளை 1997 மார்ச்சுக்குள் இடிக்கச் சொன்னது. என்ன ஆயிற்று? 2005இல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டு இறால் வளர்க்கலாம் என்று வழி செய்து தீர்ப்பைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். மிராசுதாருக்குச் சட்டம் ஒத்தாசை செய்ய ஒன்பது வருஷம் கூடப் பிடிக்கவில்லை.

கூலியை உடைப்பவன் யார்?

இப்போது வரப்புக்குத் திரும்புவோம். காவிரிக்காரன் திருப்பூரில், கங்கைக் கழிமுகத்துக்காரன் காவிரிச் சேற்றில்! 2023 ஜூன் 2 அன்று ஒரிசாவின் பாலசோர் பக்கம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 290க்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அதில் சுந்தரவனத்துப் பாசந்தியிலிருந்து தெற்கே நடவு வேலைக்குப் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு, நம் வயலை நோக்கி வந்தவர்கள்.

"வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று நம் தொழிலாளியே பேசுவதைக் கேட்டிருக்கிறோம். மில் வாசலிலும் கேட்டோம், டீக்கடையிலும் கேட்டோம். கோபம் நியாயமானதுதான், திசைதான் தவறு. கூலியை நிர்ணயிப்பது வந்தவனா? அவன் கையில் என்ன இருக்கிறது? தரகன் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான், தரகன் சொன்ன கூலிக்கு நிற்கிறான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். ரயில் ரயிலாக ஜனங்கள் பயந்து ஓடினார்கள். அந்த வாரம் கோவையிலும் திருப்பூரிலும் முதலாளிகள் பதறிய பதற்றம் இருக்கிறதே! தொழிலாளி உயிருக்காகவா? ஆர்டர் நிற்கிறதே என்று.

தஞ்சை மண்ணில் இந்தச் சூழ்ச்சி ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1960களில் கூலி உயர்வு கேட்டபோது மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரனும் வந்தவனும் மோதட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தப் பகை வளர்ந்து 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்ததில் போய் நின்றது. வெளியூர்க்காரன் தீ வைக்கவில்லை. அவனை இறக்கியவன் கூட்டம்தான் வைத்தது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1979இல் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே அதே வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும், பயணச் செலவு தர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. எத்தனை தரகன் இதை நிறைவேற்றினான்? கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள். 2020இல் அதைப் புதுத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்தபோது இடப்பெயர்ச்சிப் படி காணாமலே போயிற்று. ஜனங்கள் இடம் பெயர்வது அதிகமாகிறது என்று உலகமே கூவுகிற காலத்தில்தான் இடம் பெயர்ந்தவனின் படி காணாமல் போகிறது!

அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். மரத்தடியில் இரு தரப்பாரையும் உட்கார வைத்தோம். ஏக்கருக்கு மிராசுதார் கொடுக்கிற பணத்தில் தரகன் எவ்வளவு எடுக்கிறான் என்று கோசாபாக்காரர் விரல் விட்டுக் காட்டினார். நம் பெண்கள் வாயடைத்துப் போனார்கள். பாதி வயல் இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு, ஏக்கருக்கு ஒரே கூலி, அதுவும் ஐந்நூறு ரூபாய் கூட்டி, தரகன் கையில் தராமல் நட்டவர் கையிலே தர வேண்டும் என்று கேட்பதாக முடிவாயிற்று. மிராசுதார் மோட்டார் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து, "எந்திரத்தைக் கொண்டாந்து நட்டுக்குவேன்" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. முப்பத்தைந்து பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பறித்துப் போட்ட நாற்று முடி வெயிலில் வாடத் தொடங்கியது. மூன்று மணிக்கு அவர் இறங்கி வந்தார். கேட்டதில் முந்நூறுக்கு ஒப்புக்கொண்டார்.

முதலில் குரலெடுத்த பெண் தன் தூக்குச் சட்டியிலிருந்து கோசாபாக்காரருக்கு நீராகாரம் ஊற்றினாள். "உங்க ஊருக் குளம் இன்னும் உப்புதானா தம்பி?" என்று கேட்டாள். "மழைக்கு அப்புறம் கொஞ்சம் பரவாயில்லை, அக்கா" என்றார் அவர்.

சம்பா நடவுக்கும் வருவோம் என்று அவர்கள் சொல்லிப் போயிருக்கிறார்கள். அந்தத் தரகன் இப்போது வேறு ஜில்லாவில், வேறு மாநிலத்து ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.